அந்த பாக்டீரியா எனக்குள்ளும் இருக்குமா, டாக்டர்?

கேள்வி: என் அண்ணன் லாரி ஓட்டுநர். போன வருடம், 44 வயதில், அவருக்குப் பெருங்குடலில் புற்றுநோய் என்று தெரிந்தது. அதற்கு முன்னால் மலத்தில் ரத்தம் போனதற்கு எட்டு மாதம் மூலத்துக்கு மருந்து சாப்பிட்டார். மதுரையில் ஆபரேஷன் செய்தோம். மூன்றாம் நிலை என்றார்கள். கீமோ முடிந்து மூன்று மாதம் ஆகிறது. காலேஜில் படிக்கும் அவர் மகள், சின்ன வயதிலேயே குடலில் ஒரு பாக்டீரியா விடும் நஞ்சால்தான் இளவயதில் இந்த நோய் வருகிறது என்று படித்துவிட்டு வந்து சொன்னாள். அன்றிலிருந்து எங்கள் அம்மா, 'நான் என்னத்தக் கொடுத்துத் தொலைச்சேனோ' என்று அழுகிறார். அந்த பாக்டீரியா எனக்கும் இருக்குமா? எனக்கு வயது 39. டெஸ்ட் எடுத்து ஆன்டிபயாடிக் போட்டால் போய்விடுமா? குடல் கறி சாப்பிட்டதால் வந்திருக்குமா? அண்ணன் உடம்பு தேறட்டும் என்று மதினி அவரை வாசலைத் தாண்ட விடுவதில்லை. அது சரியா? அப்பா சின்ன வயதிலேயே விபத்தில் இறந்துவிட்டார். அப்பாவின் அக்கா ஒருவர் கர்ப்பப்பைப் புற்றுநோயில் 50 வயதுக்குள் போய்விட்டார். மற்றபடி குடும்பத்தில் யாருக்கும் இல்லை.

- உசிலம்பட்டி பக்கமிருந்து ஒரு வாசகர்

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதத்தில் பாக்டீரியாவுக்குத்தான் அதிக வரிகள். ஆனால் கடைசியில் போகிறபோக்கில் அத்தையைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியில்தான் நான் நின்றுவிட்டேன். அதற்கு வருகிறேன். முதலில் உங்கள் அண்ணன் மகள் படித்ததைப் பார்ப்போம், ஏனென்றால் அவள் சொன்னதில் பெரும்பகுதி சரி.

நம் எல்லோருடைய குடலிலும் ஈ.கோலை என்ற பாக்டீரியா குடியிருக்கிறது. பெரும்பாலும் சாது. அதில் சில வகைகள் மட்டும் கொலிபாக்டின் என்ற நஞ்சைச் செய்கின்றன. 2006இல் பிரெஞ்சு, ஜெர்மன் ஆய்வாளர்கள் இதை முதலில் எழுதினார்கள். இந்த நஞ்சு குடல் சுவர் செல்லுக்குள் போய், டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளையும் சேர்த்து ஒட்டிவிடும். செல் அதைப் பிரித்துச் சரி செய்யப் பார்க்கும். சில இடங்களில் தப்பாகச் சரி செய்யும். அந்தத் தப்புக்கு ஒரு தனி ஜாடை உண்டு.

ஜாடை என்றால் என்ன? மதுரைக்காரர்களுக்குச் சுங்குடியை வைத்துச் சொன்னால் சட்டென்று புரியும். வெள்ளைத் துணியில் நூலால் பொடிப்பொடியாக முடிச்சுப் போடுவார்கள். சாயத்தில் முக்கிக் காயவைப்பார்கள். துணியை இழுத்தால் முடிச்செல்லாம் தெறித்துப் போய்விடும். நூல் போய்விட்டது, ஆனால் முடிச்சு இருந்த இடமெல்லாம் வெள்ளைப் புள்ளி நிற்கும். கொலிபாக்டினும் அப்படித்தான். நஞ்சு நிலையில்லாதது, சீக்கிரம் சிதைந்துவிடும். அதைச் செய்த பாக்டீரியாவும் குடலை விட்டு எப்போதோ போயிருக்கலாம். டி.என்.ஏ.வில் அது போட்ட புள்ளிகள் மட்டும் 30, 40 வருடம் கழித்தும் நிற்கின்றன. 2020இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள், ஆய்வகத்தில் வளர்த்த மனிதக் குடல் திசுவை இந்த பாக்டீரியாவோடு ஐந்து மாதம் பழக்கிப் பார்த்து அந்தப் புள்ளிகளின் வரிசையைப் பிடித்துவிட்டார்கள்.

அப்புறம் வந்ததுதான் உங்கள் வீட்டுப் பெண் படித்த செய்தி. 2025 ஏப்ரலில் வெளியானது. 11 நாடுகளைச் சேர்ந்த 981 பேரின் பெருங்குடல், மலக்குடல் புற்றுக் கட்டிகளின் டி.என்.ஏ.வை முழுதாகப் படித்தார்கள். 70 வயதுக்கு மேல் நோய் வந்தவர்களை விட, 40 வயதுக்குள் வந்தவர்களிடம் இந்தப் புள்ளிகள் 3.3 மடங்கு அதிகம் இருந்தன. கணக்குப் போட்டுப் பின்னோக்கிப் போனால், அவை விழுந்த காலம் முதல் பத்து வயதுக்குள் என்று வருகிறது.

இதிலிருந்து உங்கள் அம்மா எடுத்துக்கொண்ட அர்த்தம் தவறு. இந்த பாக்டீரியா ஒரு குழந்தைக்கு எங்கிருந்து, எதனால் வந்து சேர்கிறது என்பதை உலகத்தில் இன்னும் யாரும் நிரூபிக்கவில்லை. அம்மா ஊட்டிய சோற்றையோ, புகட்டிய பாலையோ காரணமாகச் சொல்ல எந்த ஆதாரமும் கிடையாது. உங்கள் அண்ணன் கட்டியில் அந்தப் புள்ளிகள் இருக்கின்றனவா என்றுகூட யாரும் பார்க்கவில்லை. இந்தப் பத்தியை மட்டும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

உங்களுக்கு இருக்குமா? இருக்கலாம். ஆரோக்கியமாக இருப்பவர்களிலேயே ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இந்த வகை ஈ.கோலை இருப்பதாகப் பார்த்திருக்கிறார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் வருவதில்லை. எனவே மலத்தை டெஸ்ட் செய்து 'இருக்கிறது' என்று தெரிந்துகொண்டால் தூக்கம் போகுமே தவிர வேறொன்றும் ஆகாது. விழுந்த புள்ளியை அழிக்க மருந்து இல்லை. ஆன்டிபயாடிக் இந்த ஒரு வகையை மட்டும் தேடிப்பிடித்துக் கொல்லாது, நல்லதையும் சேர்த்து வாரிக்கொண்டு போகும். நீண்ட நாள் ஆன்டிபயாடிக் சாப்பிட்டவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் கொஞ்சம் கூடுதலாக வருவதாகவே ஆய்வுகள் இருக்கின்றன. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிப் போடும் வேலையே வேண்டாம்.

'நல்ல பாக்டீரியா' மாத்திரை என்று யாராவது விற்க வந்தால் ஒரு கதை சொல்லுங்கள். முதல் உலகப் போரில் கூட இருந்தவர்களுக்கெல்லாம் வயிற்றுக்கடுப்பு வர, ஒரு சிப்பாய்க்கு மட்டும் வரவில்லை. 1917இல் ஜெர்மனியில் நிஸ்லே என்ற மருத்துவர் அவர் குடலிலிருந்து ஒரு ஈ.கோலையைப் பிரித்தெடுத்தார். அது இன்றுவரை நல்ல பாக்டீரியா மருந்தாக விற்கிறது. பிற்பாடு பார்த்தால், கொலிபாக்டினைச் செய்யும் மரபணுக்கள் அதற்குள்ளும் இருந்தன. அதைச் சாப்பிட்டவர்களுக்கெல்லாம் புற்றுநோய் வந்துவிட்டது என்று நான் சொல்லவரவில்லை. குடலுக்குள் யார் நல்லவன், யார் கெட்டவன் என்று பிரிப்பது அவ்வளவு லேசில்லை என்கிறேன்.

இன்னொரு கிருமியும் இந்தப் பேச்சில் அடிபடும்: பியூசோபாக்டீரியம். அது வாயில், பல் ஈறில் வாழ்வது. குடல் கட்டிகளுக்குள்ளும் அதை 2012இலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அது அதிகமாக இருக்கும் கட்டிகள் கீமோவுக்குச் சரியாகப் பணிவதில்லை, அந்த நோயாளிகளின் ஆயுளும் சராசரியில் குறைகிறது. பல் தேய்த்தால் குடல் புற்றுநோய் வராது என்று சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை. ஆனாலும் ஈறில் ரத்தம் வடிந்தால் அண்ணனைப் பல் டாக்டரிடம் காட்டுங்கள். புகையிலை போடுகிறவர் என்றால் அதை விடச் சொல்லுங்கள்.

சரி, அத்தைக்கு வருவோம்.

'கர்ப்பப்பைப் புற்றுநோய்' என்று நம் ஊரில் இரண்டு வேறு நோய்களைச் சொல்கிறோம். கர்ப்பப்பை வாயில் வருவது ஒன்று, அது வைரஸால் வருவது, குடும்ப வழியில் பெரும்பாலும் வராது. கர்ப்பப்பையின் உட்சுவரில் வருவது இன்னொன்று. அத்தைக்கு வந்தது இரண்டாவது என்றால், ஒரே ரத்தவழியில் 50 வயதுக்குள் கர்ப்பப்பையில் ஒருவருக்கு, பெருங்குடலில் ஒருவருக்கு என்று ஆகிறது. லிஞ்ச் என்ற பரம்பரைக் கோளாறு இப்படித்தான் முகம் காட்டும். டி.என்.ஏ.வில் விழும் எழுத்துப் பிழைகளைத் திருத்துகிற மரபணு ஒன்று பிறவியிலேயே பழுதாக இருப்பது அது. உங்கள் அப்பா அந்த மரபணுவைச் சுமந்தபடியே, நோய் வரும் வயதுக்கு முன்னால் விபத்தில் போயிருக்கலாம். 'யாருக்கும் இல்லை' என்று நீங்கள் எழுதியதன் அர்த்தம் அவ்வளவுதான். பெருங்குடல் புற்றுநோய்களில் 100க்கு ஏறக்குறைய 3தான் லிஞ்ச் வகை, ஆகவே இல்லாமல் போகவே வாய்ப்பு அதிகம். ஆனால் பார்க்காமல் விடக்கூடாது. பாக்டீரியாவைப் போல இது கைக்கு எட்டாத சங்கதி இல்லை, பார்க்க வழி இருக்கிறது.

அண்ணனின் பயாப்ஸி ரிப்போர்ட்டை எடுங்கள். அதில் 'எம்.எம்.ஆர்.' என்று ஒரு வரியும், அதன் கீழ் அந்தப் பிழை திருத்தும் வேலையைச் செய்கிற நான்கு புரதங்களின் பெயரும் இருக்கிறதா பாருங்கள். நான்கும் இருப்பதாகப் போட்டிருந்தால் லிஞ்சுக்கு வாய்ப்பு மிகக் குறைவு. அந்த வரியே இல்லையென்றால், ஆபரேஷனில் எடுத்த சதையை மெழுகில் பதித்து வைத்திருப்பார்கள், பிளாக் என்பார்கள், அதில் இந்தச் சோதனையை இப்போதும் செய்யலாம். நான்கில் ஏதாவது ஒன்று இல்லை என்று வந்தால் அடுத்து மரபணுச் சோதனை. அதிலும் உறுதியானால் உங்களுக்கும் அண்ணன் மகளுக்கும் ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். மரபணு இருப்பவர்களுக்கு 20, 25 வயதிலிருந்தே, ஒன்று அல்லது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை குடலைக் குழாய் விட்டுப் பார்ப்போம். அந்தப் பெண்ணுக்கு அந்த வயது தூரத்தில் இல்லை.

லிஞ்ச் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நீங்கள் இப்போதே கொலோனோஸ்கோப்பி, அதாவது அந்தக் குழாய்ப் பரிசோதனை, செய்துகொள்ள வேண்டும். கூடப்பிறந்தவருக்கு வந்திருந்தால் 40 வயதில், அல்லது அவருக்கு நோய் தெரிந்த வயதுக்குப் பத்து வருடம் முன்னால், இரண்டில் எது முந்துகிறதோ அதில் தொடங்க வேண்டும். அண்ணனுக்கு 44, பத்தைக் கழித்தால் 34. நீங்கள் ஐந்து வருடம் பிந்திவிட்டீர்கள். லிஞ்ச் இல்லையென்று ஆனால் மகளுக்கு 34இல் தொடங்கலாம்.

குழாய் என்றதும் எல்லோரும் பயப்படுவார்கள், ஆனால் படுத்தியெடுப்பது முந்தின ராத்திரிதான். மருந்துப் பொடியை இரண்டு லிட்டர் தண்ணீரில் கரைத்து, கால் மணிக்கு ஒரு தம்ளராகக் குடிக்க வேண்டும். கலங்கிய உப்புத்தண்ணீர் மாதிரி இருக்கும். ஃபிரிட்ஜில் வைத்துக் குடித்தால் கொஞ்சம் இறங்கும். போகப் போக வெறும் மஞ்சள் தண்ணீராகப் போக வேண்டும், அப்போதுதான் உள்ளே தெளிவாகத் தெரியும். இரண்டு நாள் முன்னாலிருந்து கீரை, பயறு, கொய்யா, கேப்பை எதுவும் கூடாது. இட்லி, ரசஞ்சோறு, ரொட்டி போதும். நான் மைதா ரொட்டியைச் சிபாரிசு செய்யும் நாட்கள் வாழ்நாளில் அவை மட்டும்தான். மறுநாள் மயக்க ஊசியில் அரை மணி நேர வேலை. மிளகளவோ சுண்டலளவோ ஒரு முளை இருந்தால் கம்பி வளையத்தை மாட்டி அப்போதே எடுத்துவிடுவோம். இப்படிப்பட்ட முளைதான் பத்து வருடம் போல எடுத்துக்கொண்டு புற்றாக மாறுகிறது. அதை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் கதை முடிந்தது. ஒன்றும் இல்லையென்றால் ஐந்து வருடம் கழித்து அடுத்தது.

மூலத்துக்கு மருந்து சாப்பிட்ட அந்த எட்டு மாதத்தைப் பற்றி: உங்களுக்குக் கோபம் இருந்தால் அது நியாயமானது. பஸ் ஸ்டாண்டுச் சுவரிலும் மின்கம்பத்திலும் 'மூலம், பவுத்திரம், ஆபரேஷன் இல்லாமல்' என்று ஒட்டியிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கும் வரும். ஆனால் போஸ்டர் ஒட்டுகிறவர்களை மட்டும் திட்டினால் நான் யோக்கியன் ஆகமாட்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், மில் தொழிலாளி ஒருவர் 36 வயதில் ரத்தம் போகிறது என்று வந்தார். வெளிநோயாளிப் பிரிவில் கூட்டம். விரல் விட்டுச் சோதிக்காமலே களிம்பு எழுதிக் கொடுத்து அனுப்பினேன். ஆறு மாதம் கழித்து வயிறு பானையாக உப்பி, குடல் அடைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். விரலுக்கு எட்டும் இடத்தில்தான் கட்டி இருந்தது. அன்றிலிருந்து, எந்த வயதாக இருந்தாலும் ரத்தம் என்று வந்தவரை விரல் விட்டுப் பார்க்காமல் நான் அனுப்புவதில்லை. மூலமும் இருக்கலாம், மேலே கட்டியும் இருக்கலாம், ஒன்று இருப்பதால் இன்னொன்று இல்லையென்று ஆகாது. வெளிக்குப் போகும் பழக்கம் மாறுவது, சளி கலந்து போவது, காரணமில்லாமல் எடை குறைவது, ஆம்பிளைக்கு ரத்தசோகை வருவது, இதில் ஒன்று கூட இருந்தாலும் குழாய் விட்டுப் பார்த்துவிட வேண்டும்.

குடல் கறி சாப்பிட்டால் குடலில் வராது. வாரத்தில் ஒருநாள் அரைக் கிலோ ஆட்டுக்கறி எடுத்து ஐந்து பேர் சாப்பிடுகிற வீட்டில் கறியைப் பற்றி நான் வாய் திறக்கமாட்டேன். சமைத்த ஆட்டுக்கறி, மாட்டுக்கறி ஆளுக்கு வாரம் அரைக் கிலோவைத் தாண்டாமல் இருந்தால் சரி. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் உறுதியான காரணி என்று வைத்தது பதப்படுத்திய இறைச்சியை. தினமும் 50 கிராம் சாப்பிட்டால் ஆபத்து 18 சதவீதம் கூடுகிறது. சாசேஜ், சலாமி நம் வீட்டில் ஏது என்பீர்கள். உப்புத் தடவிக் காயவைத்த கறியும் அந்தக் கணக்கில்தான் வருகிறது, ஆகவே உப்புக்கண்டம் எப்போதாவது வாய்க்கு ருசியாக இருக்கட்டும், தினமும் வேண்டாம்.

லாரிக்காரர்களின் ராத்திரிச் சாப்பாடு எனக்குத் தெரியும். பதினோரு மணிக்கு நான்கு புரோட்டா, சால்னா, சில நாள் அதற்கு முன்னால் ஒரு குவாட்டர். பகல் முழுக்க உட்கார்ந்தே இருக்கும் வேலை. புரோட்டா நஞ்சில்லை, ஆனால் அதில் நார் கிடையாது. நார் கிடைத்தால் பெருங்குடல் பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைத்து பியூட்டிரேட் என்ற அமிலத்தைச் செய்யும், குடல் சுவருக்கு அதுதான் தீனி. அமெரிக்காவில் 1 லட்சத்து 30 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பல வருடம் கவனித்து 2022இல் ஒன்று சொன்னார்கள். கறியும் மாவும் சர்க்கரையும் மிகுந்த சாப்பாட்டுக்கும், கொலிபாக்டின் செய்யும் ஈ.கோலை நிறைந்த கட்டிகளுக்கும் கூடுதலான தொடர்பு இருக்கிறது என்று. நஞ்சும் சாப்பாடும் இரண்டு தனிக் கதைகள் இல்லை போல. உங்கள் பக்கம் விளையாத தானியமா? கேப்பைக் களி, கம்மங்கூழ், மொச்சை, தட்டாம்பயறு, வாரம் நான்கு நாள் கீரை. ஒரு தம்ளர் பாலும் நல்லதுதான், இங்கிலாந்தில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பார்த்ததில் சுண்ணாம்புச்சத்து சேரச் சேர ஆபத்து குறைந்தது. சாராயத்துக்கு மட்டும் 'இவ்வளவு குடித்தால் பரவாயில்லை' என்று நான் அளவு சொல்வதில்லை. இதெல்லாம் நீங்கள் இனிமேல் செய்ய வேண்டியது. அண்ணனைப் பார்த்து 'நீ புரோட்டா தின்னதால்தான்' என்று வீட்டில் ஒருவரும் சொல்லக்கூடாது.

இப்போது மதினி. அவர் அன்பில் குறை சொல்ல முடியாது, ஆனால் பூட்டி வைப்பது தப்பு. 2025 ஜூனில் வந்த ஆய்வு ஒன்றைச் சொல்கிறேன். பெருங்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷனும் கீமோவும் முடிந்த 889 பேர், பெரும்பாலும் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும். பாதிப் பேருக்கு உடற்பயிற்சியின் நன்மை பற்றிய புத்தகத்தைக் கொடுத்து அனுப்பினார்கள். மீதிப் பாதிக்கு மூன்று வருடம் ஒரு பயிற்சியாளரைப் போட்டு நடக்க வைத்தார்கள். எட்டு வருடம் கழித்து, புத்தகம் வாங்கியவர்களில் 100க்கு 83 பேர் உயிரோடு இருந்தார்கள். நடந்தவர்களில் 90 பேர். 100க்கு ஏழு உயிர். இதே அளவுக்கு ஒரு மாத்திரை வேலை செய்தால் அதன் விலையை நினைத்துப் பாருங்கள். கீமோ முடிந்து இரண்டிலிருந்து ஆறு மாதத்துக்குள் இருந்தவர்களைத்தான் சேர்த்தார்கள். உங்கள் அண்ணன் மூன்றாம் மாதத்தில் இருக்கிறார்.

அளவு இதுதான்: வாரத்தில் மூன்று நான்கு நாள், முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம், பேச முடியும், பாட முடியாது என்கிற வேகத்தில். எடுத்த எடுப்பில் அது முடியாது. முதல் வாரம் பத்து நிமிடம், பிறகு வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டட்டும். புத்தகம் கொடுத்தால் நடக்கமாட்டார்கள், கூட ஆள் வந்தால் நடப்பார்கள், அந்த ஆய்வின் சங்கதியே அதுதான். நீங்கள் கூடப் போங்கள். உங்களுக்கும் ஆகும்.

போகும் முன் ஒன்று கேளுங்கள்: கீமோவுக்குப் பிறகு அவருக்குப் பாதத்தில் மதமதப்பு இருக்கிறதா? இந்த நோய்க்குக் கொடுக்கும் ஒரு மருந்து நரம்பைப் பாதிக்கும், முள் குத்தினால்கூடத் தெரியாது. கண்மாய்க் கரையில் கருவேல முள் கிடக்கும். ஹவாய் செருப்பு போதாது, கட்டுகிற ஷூ வேண்டும். வந்ததும் பாதத்தை மதினி ஒருமுறை திருப்பிப் பார்க்கட்டும். குணமானால் பழனிக்கு வெறுங்காலோடு நடந்து வருவதாக யாராவது நேர்ந்திருந்தால், முருகனிடம் நான் சொன்னதாகச் சொல்லி ஷூவோடு போகச் சொல்லுங்கள்.

ஆட்டுக்கால் சூப் கொடுக்கலாம். கெடுதல் இல்லை, ஆனால் அதுவே சாப்பாடு ஆகாது. முட்டை, மீன், பருப்பு வேண்டும்.

நோய் திரும்புவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் மூன்று வருடத்துக்குள் திரும்பும். ஆகவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை சி.இ.ஏ. ரத்தப் பரிசோதனை, வருடத்துக்கு ஒரு சி.டி. ஸ்கேன், ஆபரேஷன் முடிந்த ஒரு வருடத்தில் கொலோனோஸ்கோப்பி. லாரி ஓட்டப் போய்விட்டேன், மறந்துவிட்டேன் என்று வரக்கூடாது, தேதியைக் காலண்டரில் எழுதிவிடுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் பெரியாஸ்பத்திரியில் காட்டி, இதில் எதெதற்குச் செல்லும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் வேலை அந்த பிளாக். ஆபரேஷன் நடந்த இடத்தின் லேபுக்கு முதலில் போன் செய்யுங்கள், நேரில் போனால் நாளைக்கு வா என்பார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலும் பயாப்ஸி எண்ணும் கையில் இருக்கட்டும். அண்ணனின் கையெழுத்துக் கேட்பார்கள், ஆகவே அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோ வேண்டாம், நடந்தே போங்கள்.